இரவும் அச்சமும்: சில சொற்களின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'இரவு' என்ற சொல் எதிலிருந்து வந்தது?

இரவு, இரா, இருள், இருட்டு ஆகியவை ஒரு குடும்பத்துச் சொற்கள். கருமை என்ற பொருளே இவற்றின் அடியில் இருக்கிறது. கரியைக் குறிக்கும் 'இருந்தை' என்ற பழஞ்சொல்லையும் இவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். மொழியியலாளர்களான பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் முதலில் வெளிவந்து, 1984இல் திருத்திய பதிப்புக் கண்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, இரவையும் இருளையும் ஒரே பதிவில் வைத்துக் காட்டுகிறது. உறவு மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழில் 'இருள்' ஒளியின்மையை மட்டும் குறிக்க, கன்னடத்தில் 'இருளு' என்றால் இரவு என்றே பொருள். துளுவின் 'இர்லு' என்பதும் இரவுதான். மலையாளத்தில் முதல் உயிர் தேய்ந்து 'ராவு' ஆகிவிட்டது. ஆகவே நம் முன்னோர் இரவுக்குப் பெயர் வைத்தபோது உறக்கத்தையோ ஓய்வையோ நினைக்கவில்லை. அதன் நிறத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று கொள்ளலாம்.

'இரா'தான் நீண்டு 'இராத்திரி' ஆயிற்றா?

இல்லை. அப்படித் தோன்றுவது இயல்புதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பச் சொற்கள். இராத்திரி என்பது வடமொழி 'ராத்ரி'யின் தமிழ் வடிவம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், இரவை ஒரு தெய்வமாக அழைக்கும் 127ஆம் பாடலிலேயே அச்சொல் இருக்கிறது. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய மரபாதலால், அச்சொல் தமிழுக்குள் வந்தபோது முன்னே ஓர் இகரம் சேர்ந்தது. சேர்ந்தவுடன் அது 'இரா'வின் உடன்பிறப்பைப் போலத் தோற்றம் கொண்டுவிட்டது. ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு உண்டு என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இரவையும் அச்சத்தையும் பற்றிய சொற்களில் இந்த ஏமாற்று அடிக்கடி நேர்வதால், கீழே வரும் விடைகளிலும் இந்த எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருக்குறளில் 'இரவச்சம்' என்றோர் அதிகாரம் இருக்கிறதே, அது இருட்டுக்கு அஞ்சுவதா?

அன்று. அங்கே இரவு என்பது இரத்தல், அதாவது கையேந்திக் கேட்டல். 106ஆம் அதிகாரம் 'இரவு', 107ஆம் அதிகாரம் 'இரவச்சம்'. முன்னது இரப்பதைப் பற்றியும், பின்னது மானம் கெட இரப்பதற்கு அஞ்சுவதைப் பற்றியும் பேசுகின்றன. இரவும் அச்சமும் ஒரே சொல்லாகப் புணர்ந்து நிற்பதைப் பார்த்து இதை இருட்டச்சமாகக் கருதுவோர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'இர' என்ற வினையடியோடு தொழிற்பெயர் விகுதியாகிய 'வு' சேர்ந்தால் 'இரவு' ஆகும். கருமைப் பொருள் தரும் வேரிலிருந்து வந்த 'இரவு' அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போனது தற்செயல்.

இரவைக் குறிக்கும் வேறு பழஞ்சொற்கள் எவை?

'அல்லும் பகலும் பாடுபட்டான்' என்று இன்றும் சொல்கிறோம். அந்த 'அல்' இரவுதான்; தனியாக வழங்காமல், பகலோடு சேர்ந்த இணைமொழியில் மட்டும் உயிர் பிழைத்திருக்கிறது. கங்குல், அல்கல் ஆகியவை சங்கப் பாடல்களில் வரும் இரவுப் பெயர்கள். இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது 'எல்லி' என்ற சொல். 'எல்' என்றால் ஒளி, கதிரவன், பகல். 'எல்லே இலக்கம்' என்று தொல்காப்பியம் அதற்கு விளக்கம், அதாவது ஒளிர்தல், என்றே பொருள் கூறுகிறது. கதிரவன் சாயும் பொழுதாகிய 'எற்பாடு' என்பதும் எல் + பாடு என்றே பிரியும். அப்படியிருக்க 'எல்லி' என்ற சொல் இரவைக் குறிக்கிறது. தேவாரத்தில் 'எல்லியும் பகலும்' என்று அது பகலுக்கு எதிர்ச்சொல்லாகவே வரும். ஒளியின் பெயரை ஒட்டிய சொல்லே இருட்பொழுதுக்கும் பெயராக நிற்பது வியப்பானது.

நிசி என்பது வடசொல். நடுநிசி என்று அதற்குத் தமிழ் அடை கொடுத்து வழங்குகிறோம். அர்த்தராத்திரியில் உள்ள 'அர்த்த' என்பது பாதி என்று பொருள்படும். சொற்பொருளைக் குறிக்கும் அர்த்தத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

'நள்ளிரவு' என்பதில் 'நள்' எதைக் குறிக்கிறது?

நடுவைக் குறிக்கிறது. பகலின் நடுவை 'நண்பகல்' என்கிறோம் அல்லவா? அதுவும் நள் + பகல் தான். பகரம் வந்ததால் ளகரம் ணகரமாகத் திரிந்தது. ஆக, நாளின் மிக வெளிச்சமான பொழுதுக்கும் மிக இருண்ட பொழுதுக்கும் முன்னொட்டு ஒன்றே. நண்பகலில் அது உருமாறி நிற்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறுந்தொகையின் ஆறாம் பாடல், பதுமனார் பாடியது, 'நள்ளென் றன்றே யாமம்' என்று தொடங்குகிறது. இங்கே 'நள்' ஓர் ஒலிக்குறிப்பு. ஊர் பேச்சடங்கி உறங்கிய பிறகு, எந்த ஒலியும் தனியாகக் கேட்காத அந்த நேரத்தில், இருளே ஒலிப்பது போலக் காதில் ஒரு செறிவு தங்குமே, அதைத்தான் பாட்டில் பேசும் பெண் 'நள்ளென்றது' என்கிறாள். உலகமெல்லாம் துஞ்சுகிறது, துஞ்சாதவள் நான் ஒருத்திதான் என்று பாட்டு முடிகிறது. விழித்துக் கிடந்து இரவைக் கேட்டவர்களுக்கு இந்தச் சொல் எதைச் சொல்கிறதென்று உரையின்றியே விளங்கும்.

யாமம், சாமம் இரண்டும் ஒன்றா?

வடிவில் ஒன்றின் திரிபு மற்றது. அளவில் வேறுபாடு உண்டு. ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுக்கும் இலக்கண மரபில் யாமம் என்பது இரவு 10 மணி முதல் 2 மணி வரையான பொழுது, அதாவது பத்து நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அதற்கு முன்னது மாலை, பின்னது வைகறை. குறிஞ்சித் திணைக்குக் கூதிர் என்னும் குளிர்காலத்தையும் யாமத்தையும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வைத்திருப்பதால், தலைவன் மலைவழியில் இருளில் வருவதும் அவனுக்கு என்ன ஆகுமோ என்று தலைவி நடுங்குவதும் குறிஞ்சிப் பாடல்களில் மிகுதி. சாமம் என்பதோ நாளை எட்டாகப் பகுத்த கணக்கு. ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். 'நடுச்சாமம்' என்று இன்று சொல்லும்போது இந்தக் கணக்கு எதுவும் யாருடைய நினைவிலும் இல்லை.

அமாவாசை என்ற பெயருக்கு இருட்டோடு தொடர்பு உண்டா?

பெயரில் இல்லை. 'அமா' என்றால் கூட, உடன். 'வாசம்' என்றால் தங்குதல். கதிரவனும் நிலவும் ஓரிடத்தில் சேர்ந்து தங்கும் நாள் என்பதே பொருள். பழந்தமிழில் அதற்குக் 'காருவா' என்று பெயர். முழுநிலா நாள் 'வெள்ளுவா'. இவை நிறத்தைச் சொல்லும் பெயர்கள்.

அச்சம், பயம் இரண்டும் ஒரே பொருள்தானே, ஏன் இரண்டு சொற்கள்?

அச்சம் தமிழ்ச் சொல். அஞ்சு என்ற வினையிலிருந்து அச்சம் பிறப்பது, எஞ்சு என்பதிலிருந்து எச்சமும், நடுங்கு என்பதிலிருந்து நடுக்கமும், மயங்கு என்பதிலிருந்து மயக்கமும் பிறக்கும் அதே முறையில்தான்: மெல்லினம் வல்லினமாகி இரட்டிக்கிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் அஞ்சு என்ற வினை உண்டு. பயம் என்பது 'பீ' என்ற வடமொழி வேரிலிருந்து வந்த 'பய' என்ற சொல். பீதி, பயங்கரம் ஆகியவையும் அந்த வேரைச் சேர்ந்தவை. பாரதக் கதையின் பீமன், பீஷ்மர் என்ற பெயர்கள் இரண்டும் அதே வேரில் பிறந்து 'அஞ்சத்தக்கவன்' என்று பொருள்படும். இராமகாதையில் யாருக்கும் தீங்கு நினையாத விபீஷணன் பெயரின் பொருளும் அச்சம் விளைவிப்பவன் என்பதுதான்.

இன்றைய பேச்சில் பயம்தான் வழங்குகிறது. எழுத்திலும் மேடையிலும் அச்சம் நிற்கிறது. அச்சுறுத்தல் என்ற சொல் செய்திகளில் நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய பாடல்களில் 'பயம்' என்று கண்டால் உடனே அச்சம் என்று பொருள் கொள்ளக்கூடாது. அங்கே பயம் என்பது பெரும்பாலும் பயன். 'பயங்கெழு மாமழை' என்றால் அச்சம் தரும் மழை அன்று. பயன் மிகுந்த பெருமழை. அச்சம் தரும் மழையைச் சொல்ல நமக்குப் 'பேய்மழை' என்ற சொல் தனியே இருக்கிறது.

அச்சத்தைப் பற்றித் தொல்காப்பியம் என்ன சொல்கிறது?

இரண்டு இடங்களில் முக்கியமாகச் சொல்கிறது. மெய்ப்பாட்டியலில், மெய்யில் வெளிப்படும் உணர்வுகளாகிய எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான அச்சம் எவற்றிலிருந்து பிறக்கும் என்று கேட்டு, 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று விடை தருகிறது. வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்கும்தான் அவை. இந்த நூற்பாவைப் படிக்கும்போதெல்லாம் நான் கவனிப்பது, இருள் இதில் இடம்பெறவில்லை என்பதை. இருள் இங்கே அச்சத்தின் காரணமாகச் சொல்லப்படவில்லை. இருளில் வரக்கூடியவையே காரணங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

உரியியலில், 'பேநாம் உருமென வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்ற நூற்பா, பே, நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சத்தைக் குறிக்கும் என்கிறது. 'உரும்' இடியையும் குறிக்கும். காரணமும் விளைவும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. 'நாம்' முற்றிலும் வழக்கிழந்துவிட்டது. தன்மைப் பன்மையான நாம் என்பதற்கும் இதற்கும் உறவில்லை. மூன்றில் 'பே' மட்டும் இன்றுவரை நம்மோடு வந்திருக்கிறது. எப்படி என்பதை அடுத்த விடையில் சொல்கிறேன்.

அப்படியானால் 'பேய்' என்ற சொல் அச்சத்திலிருந்து வந்ததா?

ஆம். பே, பேம் என்றால் அச்சம்; பேய் என்றால் அச்சம் தருவது. உருவம், நிறம், இறந்தவர் ஆவி என்ற எதுவும் அந்தப் பெயருக்குள் இல்லை. மனிதர் அடையும் நடுக்கம்தான் அங்கே பெயராகியிருக்கிறது. அதனால்தான் இச்சொல் பல திசைகளில் விரிய முடிந்தது. பேய்மழை, பேய்க்காற்று என்னும்போது கட்டுக்கடங்காமை. பேய்ச்சுரை, பேய்ப்பாகல், பேய்ப்புடல் என்று செடிகொடிகளுக்கு அடையாகும்போது காட்டுத்தன்மையும் கசப்பும். 'பேயாய் அலைகிறான்' என்னும்போது ஓயாமை.

இன்னொரு திசையும் உண்டு. முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். காரைக்காலம்மையார் தம் பாடல்களில் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்றே சொல்லிக்கொள்கிறார். பிறர் அஞ்சும் வடிவை வேண்டிப் பெற்ற ஒருவர், அந்தச் சொல்லையே தம் பெயராகவும் ஏற்றுக்கொண்டார் என்பதை நினைத்தால், இச்சொல்லை இழிவாக மட்டும் எண்ண மனம் வராது.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழியின் சொற்களை விளக்க முடியுமா?

அச்சம், இருள், பேய் மூன்றும் ஒரே வரியில் அமைந்த பழமொழி இது. சொல்லாய்வுக்கும் நல்ல இடம். அரள் என்றால் வெருண்டு நிலைகுலைதல். அரள் – அரண்டான், இருள் – இருண்டது என்று இரண்டு வினைகளும் ஒரே வாய்பாட்டில் இறந்தகாலம் கொள்கின்றன. வாயால் சொல்லிப் பாருங்கள்: அரண்ட, இருண்ட என்ற எதுகையே அச்சத்தையும் இருளையும் ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது.

இதே ஓசையில் இன்னும் சில சொற்கள் நம்மிடம் உண்டு. வெருள், மிரள், மருள். வெருள் என்பது 'வெரு' என்ற அச்சப் பெயரை அடியாகக் கொண்டது. தெலுங்கில் 'வெரப்பு' என்றால் அச்சம். குறளின் 57ஆம் அதிகாரம் 'வெருவந்த செய்யாமை', குடிகள் அஞ்சத்தக்கவற்றை அரசன் செய்யாதிருத்தல். பயிர்க்கொல்லையில் பறவைகளை விரட்ட நிறுத்தும் பொம்மைக்கு 'வெருளி' என்ற பெயரும் இதிலிருந்துதான். மிரள் என்பது கண்ணில் தெரியும் அச்சம். மிரண்ட மாட்டின் விழியைப் பார்த்தவர்கள் அதற்கு வேறு சொல் தேடமாட்டார்கள். இவை ஒவ்வொன்றும் பிறவினையாகும்போது வெருட்டு, மிரட்டு, அரட்டு, மருட்டு என்று ஒரே அச்சில் அமைகின்றன.

மருள் இவற்றுள் தனிச்சொல். அதற்கு அச்சமும் பொருள், மயக்கமும் பொருள். தெய்வம் ஏறி ஆடுபவரை மருளாடி என்பார்கள். அதன் எதிர்ச்சொல் தெருள், தெளிவு. 352ஆம் குறளில், 'இருள்நீங்கி இன்பம் பயக்கும் மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு' என்று வள்ளுவர் இருளையும் மருளையும் எதிரெதிரே நிறுத்துகிறார். மருள் நீங்கினால் இருள் நீங்கும் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். பழமொழியும் இதையேதான் சொல்கிறது. அரண்டவன் முதலில் வருகிறான், பேய் கடைசியில்தான் வருகிறது.

இத்தனை ஒத்த ஓசையைப் பார்த்து, இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். உருள், சுருள், திரள் ஆகியவையும் இதே வாய்பாட்டில்தான் நடக்கின்றன. அவற்றுக்கும் அச்சத்துக்கும் எந்த உறவும் இல்லை.

'பயங்கொள்ளி' என்பதிலும் 'கொள்ளிவாய்ப் பேய்' என்பதிலும் வருவது ஒரே 'கொள்ளி'யா?

இல்லை. பயங்கொள்ளியில் உள்ளது 'கொள்' என்ற வினை. பயத்தைக் கொள்பவர் என்று பொருள். பேச்சில் பயந்தாங்கொள்ளி என்று நீள்கிறது. கொள்ளிவாய்ப் பேயில் உள்ளது எரியும் கட்டையாகிய கொள்ளி. சதுப்பு நிலங்களில் மக்கிய பொருள்களிலிருந்து கிளம்பும் வளிகள் இருட்டில் எரிந்து ஒளிவிடுவதாக விளக்கப்படும் தோற்றத்தை, வாயில் தீ வைத்துக்கொண்டு திரியும் பேயாகக் கண்டார்கள். தொலைவில் தீ ஒன்று தோன்றி, நெருங்கும்போது மறைவதை மனக்கண்ணில் பார்த்தால், இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

பூதம், பிசாசு, அரக்கன், ஆவி ஆகியவற்றின் பொருள் என்ன?

பூதம் வடசொல், 'ஆகியது, உண்டானது' என்பது அதன் நேர்ப்பொருள். அதனால்தான் நிலம், நீர், தீ, காற்று, வானம் ஆகியவை ஐம்பூதங்கள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் தீயோரைத் தண்டிக்கும் காவல் தெய்வமாகவே வருகிறது. பிசாசும் வடசொல்லே. ராட்சசன் என்பதன் பாகத (பிராகிருத) வடிவம் தமிழில் அகரம் முன்னே பெற்று அரக்கன் ஆயிற்று. இராத்திரியின் இகரமும் இந்த அகரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. அரக்கரைக் குறிக்கும் 'நிசாசரர்' என்பதற்கு இரவில் திரிபவர் என்று பொருள். ஆவி தமிழ்ச் சொல். மூச்சு, உயிர், நீராவி என்ற பொருள்களே முதலில். இறந்தவரின் நிழலுருவம் என்ற பொருள் அவற்றிலிருந்து விரிந்தது.

திகில், மர்மம் ஆகிய சொற்கள் எங்கிருந்து வந்தவை?

திகிலுக்குத் தெலுங்கில் 'திகுலு', கன்னடத்தில் 'திகிலு' என்று இனச்சொற்கள் உண்டு. மர்மம் வடசொல், உடலில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகும் மறைவான இடம் என்பது அதன் முதற்பொருள். மறைவு என்ற பொருளே நிலைத்து, இன்று விளங்காத எதையும் மர்மம் என்கிறோம். வர்மக்கலையின் வர்மமும் இதே சொல்.

'குலை நடுங்குதல்' என்பதில் குலை என்பது எது?

ஈரற்குலை. அச்சத்தை நெஞ்சுக்கு மட்டும் உரியதாகத் தமிழ் வைக்கவில்லை. குலை நடுங்கும், அடிவயிறு கலங்கும், வயிற்றில் புளி கரையும், மயிர் கூச்செறியும். 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்று தொல்காப்பியத்தின் உரியியல் நடுக்கத்துக்கே இரண்டு சொற்கள் தருகிறது. அந்த விதிர்ப்பை மாணிக்கவாசகர் 'விதிர்விதிர்த்து' என்று அடுக்கியபோது அது அச்ச நடுக்கமாக இல்லாமல் அன்பின் நடுக்கமாகிவிட்டது.

இருட்டிலும் இறப்பிலும் சில சொற்களைத் தவிர்ப்பது ஏன்?

இதை இலக்கணம் மங்கல வழக்கு என்கிறது. நன்னூல் அதைத் தகுதி வழக்குகள் மூன்றில் ஒன்றாக வைக்கிறது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும் இதன்பாற்படும். துஞ்சுதல் என்றால் உறங்குதல்தான். 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்று குறள் சொல்லும் அளவுக்கு இரண்டும் நெருங்கிய பிறகு, உறக்கத்துக்குத் துஞ்சு என்ற சொல்லை நாம் வழங்குவதை விட்டுவிட்டோம்.

ஆந்தையும் கூகையும் ஏன் எப்போதும் அச்சத்தோடு பேசப்படுகின்றன?

அவற்றின் குரல் பெரும்பாலும் இருட்டில் கேட்பதால். ஆந்தை, கூகை, குடிஞை, குரால் என்று இரவுப் பறவைகளுக்குப் பல பெயர்கள் இருப்பதே, மக்கள் அவற்றின் குரலை எவ்வளவு கூர்ந்து கேட்டார்கள் என்பதைக் காட்டும். நற்றிணையின் 83ஆம் பாடலில், ஊர் வாயிலில் தெய்வம் உறையும் முதிய மரத்தில் வாழும் கூகையிடம் தலைவியின் தோழி பேசுகிறாள். வளைந்த அலகும் தெளிந்த கண்ணும் கூரிய நகமும் உடைய கூகையே, நெய் கலந்த ஊன்சோற்றோடு வெள்ளெலியின் சூட்டிறைச்சியும் நிறையத் தருகிறோம்; எம் காதலர் வருவாரென்று யாமத்தில் உறங்காமல் வருந்திக் காத்திருக்கும்போது, கேட்பவர் அஞ்சும்படி உன் கடுங்குரலை எழுப்பாதே என்று வேண்டுகிறாள். அவள் அஞ்சுவது பறவைக்கு அன்று. அது அலறினால் ஊர் விழித்துக்கொள்ளும், வருபவன் திரும்பிப் போய்விடுவான்.